மூன்றாவது கடிகாரம்

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தே காலுக்குப் பொன்னுதுரை என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினான். அவன் வலது கையின் நடு மூன்று விரல்களிலும் துணி சுற்றியிருந்தது.

"என்னாச்சு துரை?"

"குளத்துச் சுவத்தத் தொட்டுத் தொட்டுப் பழகுனேன்ணே. நகம் பேந்து போச்சு. ஞாயித்துக்கிழம கடைசியில கை தூங்கிருச்சில்ல, அதுக்குத் தண்டனைலா" என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

மலாக்கா காஜா பேராங்கில் எங்கள் வீட்டு வரிசையில் யாருக்குக் கடிதம் எழுத வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். தேதி, ஊர், விளிப்பு, சங்கதி என்று முறையாக எழுதுவேன். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டாமல் உறையை ஒட்டியதில்லை. பொன்னுதுரை மூன்றாம் வகுப்போடு நின்றவன். அச்செழுத்தைத் தட்டுத்தடுமாறிப் படிப்பான். என் கூட்டெழுத்து அவனுக்குப் பிடிபடாது.

"சிங்கப்பூருக்கு, சுப்பையன் அண்ணனுக்கு எழுதணும். துறைமுகத்து வேலைக்கு வர்றேன், நீச்சல விட்டுட்டேன்னு."

"சனிக்கிழமதானே குழு கோலாலம்பூருக்குக் கிளம்புது. அதுக்குள்ள என்ன அவசரம்?"

"பேரு இல்லாதவன் பஸ் ஸ்டாண்டுல நின்னு கையாட்டவாண்ணே?"

மெர்டேக்காவுக்கு, மலாயாவின் சுதந்திர நாளுக்கு, ஆறு வாரம் இருந்தது. அதையொட்டிக் கோலாலம்பூரில் நீச்சல் போட்டி வைத்திருந்தார்கள். நூறு கெஜத்தை ஒரு நிமிஷத்துக்குள் நீந்துகிறவனுக்கு மலாக்கா குழுவில் இடம் என்று அறிவிப்பு. ஞாயிற்றுக்கிழமை நடந்த தேர்வில் யாரும் தேறவில்லை. பட்டியலில் அந்த வரி இன்றும் வெறுமையாகத்தான் கிடக்கிறது. பட்டியல் தெங்கேராவில், நீச்சல் கிளப் செயலாளர் வீட்டு மேசையில். சைக்கிளில் போனால் கால் மணி நேரம்.

பொன்னுதுரை ஆற்று முகத்துவாரத்தில் மூட்டை தூக்குகிறவன். பதினேழு வயதில் ஒரு பந்தயத்துக்காகத் தெங்கேரா கடலில் குதித்து, கிளப் பையன்கள் மூன்று பேரை முந்தியவன். அதன்பிறகு ஐந்து வருஷம், விடியலில் குளம், பகலில் மூட்டை. ஐம்பது கெஜத்தில் மூன்று முறை முதல் பரிசு. அந்தக் கோப்பைகளில் ஒன்றில் அவன் அம்மா புளி போட்டு வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அவனுடைய தடத்துக்கு நேரம் பார்த்த மூன்று பேரில் நானும் ஒருவன். மூன்று கடிகாரங்களில் நடுவில் வருகிற நேரம்தான் செல்லும். துப்பாக்கி வெடிப்பதற்கு முன் பக்கத்தில் நின்ற கணேசமூர்த்தி வாத்தியார் எல்லார் காதிலும் விழும்படி, "என்ன தெய்வநாயகம், உங்க வரிசைப் பையன்தானே? கடிகாரத்துக்குப் பாசம் வந்துடப் போவுது, பாத்து!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவன் சுவரைத் தொட்டான். என் கட்டைவிரல் சரியாகத்தான் அழுத்தியது. அந்தக் கடிகாரத்தில் ஒரு வினாடிக்கு ஐந்து கோடு. கணேசமூர்த்தி முதலில் சொன்னார்: அறுபது வினாடிக்கு இரண்டு கோடு குறைவு. அடுத்து நின்ற சீனர் சொன்னார்: அறுபதுக்கு இரண்டு கோடு அதிகம். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் முள் அறுபதுக்கு ஒரு கோடு குறைவாக நின்றது. அதைச் சொன்னால் அவன் தேறுவான், என் ஒரு வாய்ச்சொல்லால். கணேசமூர்த்தியின் உதடு ஏற்கெனவே கேலியாக வளையத் தொடங்கியிருந்தது.

"ஒரு கோடு அதிகம்" என்றேன். சொன்ன கையோடு முள்ளைப் பூஜ்யத்துக்குத் தட்டிவிட்டேன்.

தலைமை நடுவர் வந்து என் கையைக் குலுக்கினார். வேண்டியவன் என்று பார்க்காத நேர்மையான ஆள் என்று நாலு பேரிடம் சொன்னார்.

"எழுதுங்கண்ணே" என்றான் பொன்னுதுரை. "ஒரே ஒரு கோடுல போச்சு, கடைசியில கை நீட்டாம விட்டது என் தப்புதான், யாரையும் கொற சொல்ல வேணாம்னு எழுதுங்க. அண்ணன் கோவக்காரரு. கடிகாரத்துல ஏமாத்திட்டாங்கன்னு அங்கேருந்து கிளம்பி வந்துருவாரு."

என் மனைவி பாக்கியலட்சுமி காப்பி கொண்டுவந்து வைத்தாள். "நீதான் அவருக்குப் புத்தி சொல்லணும் துரை. ஞாயித்துக்கிழமையிலேருந்து சோத்தப் பெசஞ்சிட்டு எழுந்திருச்சிர்றாரு. நீ தோத்தது இவருக்குத்தான் துக்கம்."

அவன் என்னைப் பார்த்தான். கண் நனைந்துவிட்டது அவனுக்கு. "விடுங்கண்ணே. எனக்காகப் பாவம் பாத்தா முள்ளு நிக்குமா? நீங்க பாத்தத நீங்க சொன்னீங்க."

பேனாவைத் திறந்தேன். தேதி போட்டேன். ஊர் போட்டேன். அன்புள்ள சுப்பையன் அவர்களுக்கு என்று எழுதினேன். அடுத்தது சங்கதி. வாய் திறந்து சொல்ல ஐந்து நாளாக முடியாததைக் கை, என்னைக் கேட்காமலே, வரி பிசகாமல் எழுதிவிட்டது. உங்கள் தம்பி அறுபதுக்கு ஒரு கோடு குறைவாகத் தொட்டான், என் கடிகாரத்தில் அதைப் பார்த்தேன், மாற்றிச் சொன்னவன் நான். கீழே என் பெயரையும் எழுதினேன்.

வேறு தாள் இருந்தது. அவன் கேட்டபடியே இன்னொன்று எழுத ஐந்து நிமிஷம் ஆகாது. பக்கத்திலிருந்து பார்த்தாலும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது.

"முடிஞ்சிச்சா? படிங்கண்ணே."

கடிதம் கேட்கும்போது அவன் எப்போதும் கண்ணை மூடிக்கொள்வான். இப்போதும் மூடிக்கொண்டான். வலது கை மேசைமேல் முழுசாக நீண்டிருந்தது.

தேதியைப் படித்தேன். ஊரைப் படித்தேன். "அன்புள்ள சுப்பையன் அவர்களுக்கு" என்று படித்து நிறுத்தினேன்.

"ம்… அப்புறம்?"

துணி சுற்றிய மூன்று விரல்களும் மேசையின் எதிர் விளிம்பைத் தொட்டபடி இருந்தன.