மேபலைப் பயமுறுத்துவது எப்படி

1.

இந்தக் கதை வந்த வழியை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இன்று காலை பக்கத்துப் பண்ணைக்காரர் டெஸ், வேலிக்கு அந்தப்புறம் நின்று எனக்கு நன்றி சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. சாப்பாடு இறங்காதபோது எழுத்தாளர்கள் எழுதுவார்கள் என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் விளக்கெண்ணெய் கொடுப்பார்கள்.

முதல் வரிக்கான முயற்சிகள்:

'பொன்னிறப் புல்வெளியின் மேல் அந்தி வெயில் மெல்லச்...' வேண்டாம். இரண்டு வருஷமாக மழை இல்லை. புல்லே இல்லை, இதில் பொன்னிறம் வேறு.

'கங்காருவின் கண்களில் ஓர் ஆதித் துயரம்...' அதன் கண்ணில் இருப்பது ஈ.

'நான் ஒரு முட்டாள்.' இது இருக்கட்டும்.

2.

என் அம்மா வெர்னா, வண்டியில் அடிபட்டுச் செத்துக் கிடக்கும் கங்காருக்களின் பையைத் துழாவுகிறவள். உள்ளே குட்டி உயிரோடு இருந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து, தலையணை உறையில் போட்டுக் கதவுப் பிடியில் தொங்கவிட்டு, புட்டிப்பால் கொடுத்து வளர்ப்பாள். வளர்ந்ததும் திறந்துவிடுவாள். போய்விடும். மாலை நாலரைக்குத் தீவன வாளி குலுங்கினால் காட்டுக் கூட்டாளிகளையும் சேர்த்துக்கொண்டு வந்து நிற்கும். தான் காட்டைச் சேர்ந்ததா வீட்டைச் சேர்ந்ததா என்று அதற்கே தெளிவில்லை. (எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகி ஊர் திரும்பிய எனக்கும் இதே நிலைதான். இந்த ஒப்புமையை என் பேராசிரியர் மெச்சியிருப்பார். அதனால்தான் அடைப்புக்குறிக்குள் தள்ளுகிறேன்.)

மேபல் அப்படி வளர்ந்தவள். இப்போது அவள் பையிலேயே ஒரு குட்டி இருக்கிறது.

3.

கங்காருக்களைப் படம்பிடிக்க நான் வாங்கிய ட்ரோன் முதல் நாளே யூகலிப்டஸ் மரத்தில் சிக்கிக்கொண்டது. அப்பா ஏணி வைத்து எடுத்துக்கொண்டே சொன்னார்: "நாலு வருஷம் படிச்சுப் பட்டம் வாங்கினவ, வீட்டுக்கு வந்து பட்டம் விடுறா."*

* இந்த நகைச்சுவையை மதுக்கடையிலும் சொல்லியிருக்கிறார். நான் அறிந்து ஒன்பது தடவை.

சத்தம் கேட்டாலே கங்காருக்கள் தெறித்து ஓடின. எனக்கு முகம் கிட்டத்தில் தெரியும் படம் வேண்டும். என் படிப்பு முழுவதையும் திரட்டி ஒரு வழி கண்டுபிடித்தேன்: ட்ரோன் ஏறும்போதெல்லாம் தீவன வாளியைக் குலுக்குவது. பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் வாளி இல்லாமலே நாற்பது கங்காருக்கள் தாவி வந்து, மனு கொடுக்க வந்தவர்கள்போல் கைகளை நெஞ்சோடு மடக்கி, அண்ணாந்து நின்றன. அதைப் படம்பிடித்து 'நம்பிக்கை' என்று தலைப்பு வைத்து வலையில் ஏற்றினேன். ஊரே பாராட்டியது.

4.

முதல் வரைவில் டெஸ்ஸுக்கு மஞ்சள் பல் வைத்திருந்தேன். பேச்சுக்குப் பேச்சு துப்பவும் வைத்தேன். பொய். அவருக்கு என்னைவிட நல்ல பல். என் பள்ளி இறுதித் தேர்வன்று எங்கள் வண்டி படுத்துவிட்டபோது, ஆட்டு ரோமம் கத்தரிக்கிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டுத் தொண்ணூறு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டுபோய் விட்டவர். என் பட்டத்தில் அவருடைய டீசல் வாடை உண்டு. நிம்மதியாக வெறுக்கக்கூட விடமாட்டேன் என்கிறார், பாவி.

"டீகன், உன் படத்தைப் பாத்தேன். அசத்திட்டம்மா! ரொம்ப நன்றி."

"எனக்கெதுக்கு நன்றி?"

"கங்காருங்களச் சுடுறதுக்கு அரசாங்க அனுமதி வந்திருச்சு. நாளைக்கு ஆள் வர்றான். அவனும் ட்ரோனை விட்டுத்தான் தேடுவானாம். போன தடவ சத்தம் கேட்டதும் நாலாபக்கமும் ஓடி, பாதி காயத்தோட போயிருச்சுங்க. இப்ப நீ பழக்கி வச்சிருக்கியே, அசையாம நிக்கும். ஒரே குண்டு. வலிகூடத் தெரியாது."

"அதுல அம்மா வளத்ததும் இருக்கு, டெஸ்."

"உங்கம்மா வளத்ததுன்னு நெத்தியில எழுதியா ஒட்டியிருக்கு? என் பக்கம் வராமப் பாத்துக்க. இருந்த புல்லெல்லாம் அதுங்களே மேஞ்சிருச்சு, என் ஆடுங்க மண்ண நக்குதும்மா."

வராமல் எப்படிப் பார்ப்பது? தண்ணீர் மிச்சமிருக்கிற ஒரே குட்டை அவர் பக்கம்தான் இருக்கிறது.

5.

வீட்டில் சொன்னேன். அம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் இந்தப் பகுதி நன்றாக வந்திருக்கும்.

"வெரட்டு" என்றாள்.

"என்னம்மா?"

"நீதான பழக்கின? நீயே கெடு. அந்தச் சத்தம் கேட்டா எமன் வர்றான்னு அதுங்களுக்குத் தெரியணும்."

"வெர்னா, மிரண்டு ஓடினா வேலிக் கம்பியில கால் மாட்டும்" என்றார் அப்பா.

"மாட்டும். பை தளந்து மேபல் குட்டியையும் போட்டுருவா. அதெல்லாம் எனக்குத் தெரியாதா?"

"அப்ப நீயும் கூட வாயேன்மா."

"புட்டி பிடிச்ச கை இது, டீகன். என்னைக் கூப்பிடாத."

கதைக்குக் கைவசம் உள்ள முடிவுகள்:

அ) டெஸ் மனம் மாறுகிறார். (போய்க் கேட்டேன். "மழைய மனசு மாறச் சொல்லு, நானும் மாறுறேன்" என்றார்.)

ஆ) இன்றே மழை கொட்டுகிறது. (எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நாலு தடவை வானத்தைப் பார்த்துவிட்டேன்.)

இ) நான் ஒன்றும் செய்யவில்லை. நாளை நாற்பதும் சாகின்றன. உருக்கமாக ஒரு கட்டுரை எழுதுகிறேன், பரிசு கிடைக்கிறது. எனக்கு மிகச் சுலபமாக வருவது இதுதான். இரண்டு பத்தி எழுதியும்விட்டேன். கிழித்துப்போட்டேன்.

6.

ட்ரோன் மேலே போயிருக்கிறது. (எழுதுகிற கையே விசையையும் பிடித்திருக்கிறது என்று தயவுசெய்து நம்பிவிடுங்கள்.) நாற்பதும் வந்துவிட்டன.

முதல் பாய்ச்சலில் பயந்துபோய் ட்ரோனை இரண்டு முழ உயரத்தில் நிறுத்தியது நான்தான். மேபல் எட்டி முகர்ந்து பார்த்தாள். இரண்டாவதில் தரையை ஒட்டி இறக்கிப் புழுதி கிளப்பினேன். ஓர் ஆண் கங்காரு ஒரு தாவல் பின்வாங்கியது. மேபல் தும்மினாள், அவ்வளவுதான். பைக்கு வெளியே குட்டியின் பின்னங்கால் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது தடவை நேராக அவள் முகத்துக்கு...

கட்டைவிரல் நகரமாட்டேன் என்கிறது.

இயக்குகிற கருவியை என் கையிலிருந்து நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு அவள் பெயர் தெரிந்து ஒரு பக்கம்தான் ஆகிறது, உங்களால் முடியலாம். இடது விசை உயரத்துக்கு. வலதை முன்னால் தள்ளினால் பாயும். மின்கலம் இன்னும் ஆறு நிமிஷம் தாங்கும். குட்டியைப் பார்க்காதீர்கள், வேலி எந்தப் பக்கம் என்று மட்டும் பாருங்கள்.

சீக்கிரம். அவள் உங்களை நோக்கித்தான் வருகிறாள்.