இரண்டு சுற்று

கணவர் நோரியோவின் விரல்களுக்கிடையே குமிகோ செருகி வைத்திருந்த வீடியோ கேம் கேசட்டை, நிஷிடா இரண்டு கைகளாலும் மெல்ல உருவிச் சவப்பெட்டிக்கு வெளியே எடுத்தான்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. பிளாஸ்டிக் வைக்கக் கூடாது. தகன சாலையில ஒத்துக்க மாட்டாங்க."

"மூக்குக் கண்ணாடியும் கூடாதுன்னீங்க. இதுவும் கூடாதா? அப்ப அந்த மனுஷன் அங்க போய் எதை வச்சுத்தான் பொழுத ஓட்டுவாரு?"

இறுதிச் சடங்கு மண்டபத்தில் வேலை பார்ப்பவனுக்கு இதெல்லாம் பழகிய பேச்சு. நிஷிடா கேசட்டை வெள்ளைத் துணியில் சுற்றி அவளிடமே கொடுத்தான். கறுப்புக் கிமோனோவின் இடுப்புப் பட்டைக்குள் அதைச் செருகிக்கொண்டாள் குமிகோ. செத்தவரின் தலையைப் பார்த்தாள். எவ்வளவு சீவியும், ஹெட்போன் பட்டை அழுத்திய பள்ளம் நரைமுடியில் அப்படியே இருந்தது.

மந்திரம் ஓதிய பிட்சு புறப்பட்டுப் போயிருந்தார். அடுத்த அறையில் பூக்களைக் காம்பு நறுக்கித் தட்டுகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பூ வைத்தால் முடிந்தது, அடுத்தது மூடிதான்.

"தம்பி, பாட்டு போடச் சொல்லியிருக்கேன்ல. அது முடியற வரைக்கும் மூடியைத் தொடாதீங்க. முடிஞ்சதும் மூடிக்கோங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"அப்படியே செய்யறோம்மா. நீங்க கவலைப்படாதீங்க."

அவள் கேட்டது அந்த ஒரு பாட்டு நேரம்தான். ஒரு பாட்டுக்குள் அவர் முகத்தைப் பார்த்து முடித்துவிட முடியும் என்று எப்படியோ நம்பியிருந்தாள்.

நோரியோ நகராட்சிக் குடிநீர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடி இல்லை, சூதாட்டம் இல்லை. இருந்தது இந்த ஒரு கிறுக்குதான். பழைய விளையாட்டு கேசட்டுகளை வாங்கி வந்து, கம்பி பொருத்தி, அவற்றுக்குள் இருக்கும் இசையை மட்டும் கணினியில் இறக்கிக் கேட்பார். விளையாடமாட்டார். மீனை வாங்கி வந்து முள்ளை மட்டும் சாப்பிடுகிற ஆள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறாள் குமிகோ.

"விளையாடறவன் எங்க பாட்டைக் கேக்கறான்? சாகாம தப்பிக்கறதுலயே குறியா இருப்பான். பாவம், எழுதினவன் சோறு தண்ணி இல்லாம எழுதியிருப்பான். யாராவது ஒருத்தராவது உக்காந்து கேக்க வேணாமா?" என்பார் அவர்.

அந்த இசைக்கு முடிவு கிடையாது. விளையாடுகிறவன் விளையாட்டில் வரும் ஒரு ஊரில் எவ்வளவு நேரம் நிற்பான் என்பது எழுதியவனுக்குத் தெரியாது. ஆகவே கடைசிச் சுரம் முதல் சுரத்தைத் தொட்டுக்கொண்டு மறுபடி தொடங்கிவிடும். வெளியே எடுக்கிறவன்தான் அதற்கு முடிவு வைக்க வேண்டும். நோரியோவின் கணக்கு இரண்டு சுற்று. முதல் சுற்று அறிமுகம், இரண்டாவது சிநேகம், மூன்றாவது வந்தால் விருந்தாளி எப்போது எழுந்து போவான் என்று ஆகிவிடும் என்பார். இரண்டு சுற்று முடிந்ததும் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, எங்கே நின்றது என்றே தெரியாமல் நிறுத்த வேண்டும். சட்டென்று வெட்டுவது முகத்தில் கதவைச் சாத்துகிற மாதிரி.

அது சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க அவருக்கு இன்னொரு காது தேவைப்பட்டது. தன் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சமையலறையில் நிற்பவளிடம் கேட்பார்.

"இப்ப கேக்குதா?"

"கேக்குது."

"இப்ப?"

"கேக்குதுங்க. இங்க மீன் கருகுது."

"சரி, இப்ப?"

"கேக்கலை."

பாதி நாள் அது பொய். பாட்டு எங்கோ இழையாக ஓடிக்கொண்டுதான் இருக்கும். அப்படிச் சொன்னால்தான் ஆளை விடுவார் என்று சொல்லிவைப்பாள். அவரும் நம்பி, திருப்தியாக அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்.

நான்கு நாட்களுக்கு முன் மதியம் சாப்பிடக் கூப்பிட்டாள். பதில் இல்லை. ஹெட்போன் மாட்டியிருந்தால் எப்போதும் செவிடன் காதில் ஊதிய சங்குதான். நூடுல்ஸ் ஊறிக் குழைகிறது என்று திட்டிக்கொண்டே போய்த் தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது. மாரடைப்பு என்றார்கள். ஆம்புலன்ஸில் வந்தவர் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அதற்குள்ளிருந்து ஒரு பாட்டு சன்னமாகக் கசிந்துகொண்டிருந்தது. அதைத்தான் போட வேண்டும் என்று குமிகோ பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். மகள் அயானோ அப்பாவின் கணினியில் திறந்திருந்த அந்தக் கோப்பைத் தன் செல்போனில் ஏற்றி வந்திருந்தாள்.

பூத்தட்டுகள் வந்தன. அயானோ செல்போனை மண்டபத்தின் ஒலிபெருக்கியோடு இணைத்தாள்.

சின்ன மணிகளைத் தட்டுவது போன்ற எளிய மெட்டு. கறுப்புடை உறவினர்கள் வரிசையாக வந்து வெள்ளைச் சாமந்தியை நோரியோவின் தோளோரம் வைத்தார்கள், காலடியில் வைத்தார்கள். குமிகோ அவர் காதோரம் ஒரு பூவை வைத்தாள். கன்னம் சில்லென்று இருந்தது. மெட்டு ஓரிடத்தில் படி தடுக்கினாற்போல் ஒரு சுரம் ஏறி, மறுபடி ஆரம்பித்தது.

இரண்டாம் சுற்று முடிவதற்குள் தட்டுகள் காலியாகிவிட்டன. நிஷிடாவும் இன்னொருவனும் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து காத்து நின்றார்கள். ஒலி இப்போது குறைய வேண்டும். குறையவில்லை. தடுக்கி ஏறும் அதே சுரம், பிறகு முழுச் சத்தத்தில் மூன்றாவது சுற்று.

குமிகோவுக்கு அப்போதே புரிந்துவிட்டது. அவர் இதற்கு முடிவு வைக்காமலே போயிருக்கிறார். கள்ளத்தனமான ஒரு சந்தோஷம் நெஞ்சுக்குள் பொங்கியது. இன்னொரு சுற்று பார்க்கலாம். அதற்குப் பிறகும் இன்னொன்று. பாட்டு முடிந்தால்தானே மூடி? இப்படியே நின்றுவிட்டால் யார் என்ன செய்ய முடியும்?

நான்காவது சுற்றில் நோரியோவின் அண்ணன் இசாவோவுக்குப் பொறுமை போய்விட்டது. அவருக்கு ரகசியம் பேசவும் உரத்த குரல்தான்.

"எவ்வளவு நீளப் பாட்டும்மா இது? சின்ன வயசுலேர்ந்தே அவன் இப்படித்தான். எதையும் முடிச்சு வைக்க மாட்டான்."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அயானோ அம்மாவின் காதருகே வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"அம்மா, தப்பு பண்ணிட்டேன். இது அப்பா வேலையை முடிக்காத கோப்பு. தன்பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும்."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அப்பவே."

"அம்மா. தகன சாலையில நமக்குன்னு குடுத்த நேரம் தாண்டிடும். மூடியைப் பிடிச்சிருக்கற அந்த அண்ணன் கையப் பாரு."

மூடியைப் பிடித்திருந்த நிஷிடாவின் கைகள் நடுங்கின. நெற்றியில் வியர்வை. கொடுத்த வாக்கை மீறக் கூடாதென்று மூடியை இறக்காமல் நின்றான்.

"நிறுத்திடவா?" அயானோவின் விரல் செல்போனுக்குப் போனது. குமிகோ அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சட்டுனு நிறுத்தாத. அப்பாவுக்குப் பிடிக்காது."

சவப்பெட்டியின் விளிம்பிலிருந்து கையை எடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. எடுத்தாள். சுவரோரம் ஒலிபெருக்கி இருந்த மேசைக்கு நடந்தாள். ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரு வட்டக் குமிழ் இருந்தது. அதில் விரல்களை வைத்துக் காத்திருந்தாள். அந்தச் சுரம் தடுக்கி ஏறியது. மெட்டு மறுபடி ஆரம்பித்தது. திருப்பத் தொடங்கினாள்.

அவசரப்படவில்லை. இவ்வளவு மெதுவாக அவள் எதையும் செய்ததில்லை. மணிகள் அடுத்த அறைக்குப் போயின, பிறகு தெருவுக்குப் போயின. இசாவோ தலையைச் சாய்த்துக் கேட்டார். குமிழ் அதற்குமேல் திரும்பாமல் நின்றது. வெளியே கூரையிலிருந்து பனி சரிந்து விழும் ஓசை கேட்டது. எல்லோரும் குமிகோவைப் பார்த்தார்கள். அவள் குமிழிலிருந்து கையை எடுக்காமல், தலை குனிந்து, காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

வெகுநேரம் பொறுத்து, நிஷிடா தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அம்மா, இன்னும் கேக்குதுங்களா?"

"கேக்கலை" என்றாள் குமிகோ, அடுப்பில் இருக்கும் மீனைத் திருப்பிப் போடப் போகிறவளைப் போல.

நிஷிடா மூடியை இறக்கினான்.