கண்டறியாத இத்தாலி

சஞ்சயன் வைன் கிளாஸின் தண்டைப் பிடித்து மெல்லச் சுழற்றினான். பிறகு மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். லண்டன் செவன் கிங்ஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம், பழைய மாணவர் சங்கம் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, கொஞ்சமும் கூச்சமில்லாமல் இதைச் செய்தான். முன்வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்த அம்பலவாணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"குடிக்கிறதெண்டால் குடிக்கவேண்டியதுதானே. இதென்ன கண்டறியாத பூசை?" என்று பக்கத்திலிருந்த நவரத்தினத்திடம் சொன்னார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

நவரத்தினம் தலையாட்டினார். அவர் சங்கத்தின் தலைவர். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார் என்பதால்தான் இத்தனை வருஷமாகப் போட்டியில்லாமல் தலைவராக இருந்தார். சஞ்சயன் பேசும்போதும் அதே ஆட்டம்தான்.

விஷயம் இதுதான். சங்கம் ஒவ்வொரு வருஷமும் சுற்றுலா போகும். லண்டனில் பஸ் ஏறினால் பாரிஸ், இல்லாவிட்டால் சுவிஸ், அதுவும் அலுத்தால் மறுபடி பாரிஸ். பதினெட்டு வருஷமாக அதை நடத்திவந்தவர் அம்பலவாணன். இந்த முறை ஹரோவில் இருக்கிற சஞ்சயன், வங்கியில் வேலை, வயது முப்பத்தைந்துகூட இராது, புதிதாக ஒரு யோசனையோடு வந்திருந்தான். பஸ் வேண்டாமாம். இத்தாலியில் ஒரு மலைக்கிராமமாம். ஒரு விவசாயக் குடும்பத்தின் கல்வீட்டில் ஒரு கிழமை தங்கி அந்த ஊர் வைனைக் குடித்து, அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, அந்த ஊர்த் திருவிழாவைப் பார்க்கவேண்டுமாம். கூட்டத்தின் கடைசியில் கையைத் தூக்கி வாக்கெடுப்பு.

தான் நடத்திய பெட்ரோல் ஸ்டேஷனை விற்ற பிறகு அம்பலவாணன் சொல்வதைக் கேட்க உலகத்தில் ஆளில்லை. பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டே "ஓம் அப்பா" என்பார்கள். பஸ்ஸின் முன்பக்கத்தில் மைக்கைப் பிடித்து நிற்கும்போது மட்டும்தான் ஐம்பது பேர் வாயை மூடிக்கொண்டு அவரைக் கேட்டார்கள். வேறு வழியில்லை, பஸ் ஓடிக்கொண்டிருக்கும். இத்தாலி வென்றால் பஸ் இல்லை, மைக் இல்லை, அவரும் இல்லை. அதை நினைக்க அவருக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் மற்றவர்களை இளக்காரம் செய்வது அவருக்குச் சின்ன வயசிலேயே கைவந்த பழக்கம்.

திரையில் திராட்சைத் தோட்டம் விழுந்தது. "காலமை எழும்பி அந்தக் குடும்பத்தோட சேர்ந்து நாங்களும் திராட்சை பிடுங்கலாம்" என்றான் சஞ்சயன்.

"காசும் குடுத்து, கூலி வேலையும் செய்யவோ?"

சனம் சிரித்தது. அம்பலவாணனுக்குத் தெம்பு வந்தது. அடுத்த படத்தில் ஒரு நாய் மரத்தடியில் மண்ணைக் கிளறியது. ட்ரஃபிள் என்று ஒரு சாமான், மண்ணுக்குள்ளே விளைவது, நாய்தான் மோப்பம் பிடித்துக் காட்டும், அதைச் சீவிப் பாஸ்தாவுக்கு மேலே தூவுவார்கள் என்று சஞ்சயன் உருகி உருகி விளங்கப்படுத்தினான்.

"நாய் மோந்த கிழங்கைத் தின்ன பிளேன் ஏறிப் போகவேணுமே?"

"அது கிழங்கில்லை அங்கிள். ஒருவகைக் காளான்."

"எதெண்டாலும் நாய் மோந்ததுதானே?"

இந்த முறை இன்னும் பெரிய சிரிப்பு. சஞ்சயனின் காது சிவந்தது. அவன் திருவிழாவுக்குத் தாவினான். ஒக்டோபரில் ஊரார் தெருவெல்லாம் நெருப்பு மூட்டிச் செஸ்நட் கொட்டை வறுப்பார்களாம், மாதாவின் சுரூபத்தைத் தோளில் சுமந்து பாண்ட் வாத்தியம் அடித்துக்கொண்டு வருவார்களாம். பிறகு சதுக்கத்தில் நீளமாய் மேசை போட்டு, உள்ளூரான் வெளியூரான் பாராமல் எல்லாரையும் இருத்திச் சாப்பாடு போடுவார்களாம். மூன்று வருஷமாகப் போய்வருகிறானாம்.

"இஞ்ச எங்கட கோயில் தேருக்கு ஒருநாளாவது வந்து வடம் பிடிச்சிருப்பீரோ தம்பி? உமக்கு வெள்ளைக்காரன் சாமி தூக்கினாத்தான் பக்தி வரும்போல."

உண்மையிலேயே அவன் தேருக்கு வந்ததில்லை. "ருசிச்சுப் பாருங்கோ" என்று அவசரமாகச் சொல்லிச் சின்னப் பிளாஸ்டிக் கிளாஸ்களில் வைனும், தட்டுகளில் ஆட்டுப்பால் சீஸும், ஒலிவ் எண்ணெயில் தோய்த்த பாண் ரொட்டியும் அனுப்பினான். முதலில் நிறத்தைப் பாருங்கள், பிறகு மணத்தைப் பாருங்கள் என்று கெஞ்சினான். அதைக் கேட்க யாருக்குப் பொறுமை? சங்கத்து ஆம்பிளைகள் மருந்து குடிக்கிற மாதிரி ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, வெறும் கிளாஸை மறுபடி நீட்டினார்கள். ஒருவர் கோக் கேட்டார். விஸ்கி இல்லையோ என்று இன்னொருவர். இவர்களை நம்பியா இந்தப் பொடியன் மலையேறப் போகிறான் என்று அம்பலவாணனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

சீஸை அவர் முகர்ந்து மட்டும் பார்த்துவிட்டு, தட்டைக் கையெட்டாத தூரத்துக்குத் தள்ளினார். அதற்கு மாற்று ஏற்பாட்டோடுதான் அவர் வந்திருந்தார். பின்பக்க மேசையில் இரண்டு தட்டம் நிறைய மட்டன் ரோல்ஸ் சூடாக இருந்தன. அவருடைய மனைவி கனகாம்பிகை விடியற்காலையிலிருந்து பொரித்தவை. அவள் அங்கேதான் தேநீர்க் கெண்டியோடு நின்றாள். கூட்டங்களில் அவள் நிற்கிற இடம் எப்போதும் அதுதான், அவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

"சரி, எல்லாரும் பாத்தாச்சு" என்று அம்பலவாணன் எழும்பினார். யாரும் அழைக்கவில்லை. மைக்கும் அவர் கைக்குத் தானாக வந்த மாதிரி வந்தது.

"எனக்கு இத்தாலியைக் காட்ட வந்திட்டார் தம்பி. நான் எண்பத்தாறிலயே ரோமில இருந்தனான்."

இருந்தது உண்மை. லண்டனுக்குக் கள்ளமாக ஆள் அனுப்புகிற ஏஜென்ட் அடைத்துவைத்த ஓர் அறையில், பத்துப் பன்னிரண்டு பேரோடு, அவித்த மக்கரோனியைச் சீனி போட்டுத் தின்றுகொண்டு இருந்தார். ஜன்னலுக்கு எதிரே ஒரு சுவர். அந்தச் சுவரைத் தவிர ரோமில் அவர் எதையும் பார்த்ததில்லை. ஆனால் நாற்பது வருஷமாக ரோமைப்பற்றி யார் கேட்டாலும் அவருக்கு அபிப்பிராயம் இருந்தது.

"அங்க என்ன இருக்கு? புளிச்ச வைனும் நாத்தமடிக்கிற சீஸும். பவிசுக்குப் போறவை போகட்டும். நான் கூட்டிக்கொண்டு போன பயணங்களில ஒருநாள், ஒரேயொரு நாள், எங்கட சனம் வெள்ளைக்காரன்ரை சாப்பாட்டை வாயில வைச்சிருக்கோ? ஈபிள் கோபுரத்துக்குக் கீழ நிண்டு இடியப்பமும் சொதியும் சாப்பிட்ட சங்கம் இது! சுவிஸில பனிக்குள்ள நிண்டு குழல்புட்டும் நண்டுக்கறியும் சாப்பிட்டனாங்கள்! ஆருக்காவது ஒருநேரம் சோறு ஆறிப்போய்க் கிடைச்சிருக்கோ? இருந்தா எழும்பிச் சொல்லுங்கோ."

யாரும் எழும்பவில்லை. சில பேர் கைதட்டினார்கள். நவரத்தினம் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். வென்றாகிவிட்டது. அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் கைதட்டல் கேட்டால் அம்பலவாணனுக்கு நிறுத்தத் தெரியாது. சாட்சிக்கு ஆள் கூப்பிட்டால் இன்னும் எடுபடும் என்று பட்டது.

"இஞ்சேரும் கனகாம்பிகை, நீரே சொல்லும். நான் சொல்லுறது சரியோ பிழையோ?"

மண்டபம் முழுவதும் பின்னால் திரும்பியது. கனகாம்பிகை கையிலிருந்த கெண்டியை மேசையில் வைத்தாள்.

"சரிதான்" என்றாள். பிறகு, "தம்பி சஞ்சயன், நான் ஒண்டு கேக்கலாமோ?"

"கேளுங்கோ ஆன்ரி."

"அங்க சமையல் ஆர்?"

"அந்த வீட்டுக்காரர்தான் ஆன்ரி. தாயும் மகனும்."

"மரக்கறி வெட்டுறது?"

"அவையள்தான்."

"சாப்பிட்ட பிறகு சட்டிபானை ஆர் கழுவுறது?"

சஞ்சயனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். "எல்லாம் அவையள்தான் ஆன்ரி. நாங்கள் எழும்பிப் போகவேண்டியதுதான்."

"அப்ப நான் வாறன்" என்று கனகாம்பிகை கையைத் தூக்கினாள். வாக்கெடுப்பை இன்னும் யாரும் அறிவிக்கவே இல்லை.

அம்பலவாணன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "இவ பகிடி விடுறா."

"என்ன பகிடி? பதினெட்டு வருசமும் இவர் சொல்லுற சூட்டுச் சோறு என்ன வானத்தில இருந்தே விழுந்தது?" அவள் குரலை உயர்த்தவில்லை. "அடுப்பையும் சட்டியையும் சூட்கேசுக்குள்ள ஒளிச்சுக் கொண்டுபோய், ஹொட்டேல் அறையில புகை மணி அடிக்காமல் இருக்க அதுக்கு ஈரத் துவாய் கட்டி, பாத்ரூமில ஷவரைத் திறந்துவிட்டு நிண்டு தாளிச்சது நாங்கள். நானும் றோஸ்மலரும். நீங்கள் எல்லாரும் கோபுரம் பாக்கப் போனியள். பாரிஸுக்குப் பத்துத் தரம் போயிருக்கிறன். எனக்குத் தெரிஞ்ச பாரிஸ் பாத்ரூம்தான்."

"ஈபிள் கோபுரத்துக்குக் கீழ நீரும்தானே நிண்டனீர்?" என்றார் அம்பலவாணன்.

"நிண்டனான். குனிஞ்சு சொதி ஊத்திக்கொண்டு நிண்டனான்."

யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்கள். பின்வரிசையில் றோஸ்மலர் கையைத் தூக்கினாள். தூக்கின கையை இறக்காமலே, "மாதா சுத்துப்பிரகாரத்துக்கு நானும் வாறன், ஆனா முக்கியமா அந்தச் சட்டிபானை கழுவாத விசயத்துக்குத்தான் வாறன்" என்றாள். அதற்குப் பிறகு பெண்களின் கைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. மனைவிமார் கை தூக்கினால் தாங்களும் தூக்குவதுதான் வீட்டுக்கு நல்லது என்று கணக்குப் போட்ட ஆம்பிளைகள், சற்று முன்பு அம்பலவாணனுக்குக் கைதட்டின அதே ஆம்பிளைகள், கூரையைப் பார்த்துக்கொண்டு கையைத் தூக்கினார்கள். நவரத்தினமும் தூக்கினார். அம்பலவாணன் பார்த்த பார்வையில் பாதி இறக்கினார், பிறகு மறுபடி தூக்கினார்.

இவ்வளவுதானா இவர்கள் என்று அம்பலவாணனுக்கு வாயெல்லாம் கசந்தது. வயிறு முட்டத் தின்ற சனம். ஒரு பிளாஸ்டிக் கிளாஸ் வைனுக்கு விலைபோன சனம். மைக்கை மேசையில் வைத்தபோது அது கிரீச்சிட்டது. யாரும் திரும்பவில்லை. எல்லாரும் சஞ்சயனைச் சுற்றி நின்று, அங்கே குளிருமா, மூட்டுவலியோடு மலையில் ஏற ஏலுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சஞ்சயன் போனில் பெயர்களைப் பதிந்துகொண்டு வந்தான். கனகாம்பிகையிடம் வந்ததும் தயங்கி அம்பலவாணனைப் பார்த்தான்.

"ஆன்ரி, உங்களுக்கும் அங்கிளுக்கும் சேர்த்து..."

"நான் உந்தக் கண்டறியாத இடத்துக்கு வரமாட்டன்" என்று அம்பலவாணன் முந்திக்கொண்டார். "நான் வராட்டி இவவும் வரமாட்டா. எழுதாதையும்."

அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. முப்பத்தெட்டு வருஷக் கல்யாணத்தில் அவர் போகாத இடத்துக்கு அவள் போனதில்லை. கனகாம்பிகை அவரைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவருக்குச் சமாளிக்கத் தெரியும். ஆனால் அவள் பார்த்த விதத்தில் இளக்காரம்தான் இருந்தது, அதுவும் இன்றைக்குப் புதிதாக வந்ததில்லை, கனகாலம் ஊறிக் கிடந்தது. அவள் சஞ்சயனிடம் திரும்பினாள்.

"தம்பி, அங்க ஒராள் அறை இருக்கோ?"

"இருக்கு ஆன்ரி."

"அப்ப எனக்கு அதைப் போடும். இவர் மனம் மாறி வந்தாலும் எனக்கு அதுதான்."