கண்டெடுத்தவர்: காத்தமுத்து

பேட்ரிசியா கணவர் பெனடிக்ட்டின் கழுத்துப் பொத்தானைப் போடப் போராடிக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்தவரைக்கும் அந்த மனுஷர் அதைப் போட்டதே கிடையாது. இன்றைக்கும் அது ஓட்டைக்குள் போவேனா என்றது. காட்டூர் வீட்டின் கூடத்தில், கட்டிலைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாலு மணிக்குக் கோயிலில் பூசை, பிறகு அடக்கம்.

"சார் இருக்காருங்களா?"

வாசலில் ஒரு வயதான பெண், கையில் துணிப்பை. கட்டிலைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ சாமி! இன்னைக்குக் காலைல வாங்கன்னு சார்தானே போன்ல சொன்னாரு!"

மண்ணச்சநல்லூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார். பெயர் இருசம்மாள். பெயரைக் கேட்டதுமே பேட்ரிசியாவுக்கு விளங்கிவிட்டது. மூன்று வாரமாக அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சே இவர்தான்.

பெனடிக்ட் ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தின் காப்பாளர். பழைய பதிவேடுகளை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினால் போதும் என்றுதான் மேலே சொன்னார்கள். இவர் கேட்டால்தானே! செமாண்டிக் வெப் என்றார். ஒவ்வொரு சிலைக்கும், ஆளுக்கும், ஊருக்கும் இணையத்தில் தனி முகவரி. இதைக் கண்டெடுத்தவர் இவர், இவருக்கு ஊர் இது, இவருக்கு மகள் இன்னார் என்று ஒன்றோடொன்றை உறவு சொல்லிக் கட்டவேண்டும். அப்போதுதான் எந்த ஊர் மியூசியத்தின் கம்ப்யூட்டரும் அதைப் படித்துப் புரிந்துகொள்ளுமாம். "கல்யாணத் தரகர் வேலைன்னு சொல்லுங்க" என்று பள்ளிக்கூட டீச்சரான பேட்ரிசியா கிண்டல் செய்வாள். ஆறு வருஷம், நாலாயிரத்துச் சொச்சம் பொருட்கள். ஊர் ஊராகப் பஸ்ஸில் போய் விசாரித்தார். தானம் கொடுத்த பெரிய மனிதர் பெயர் எல்லாருக்கும் தெரியும், மண்வெட்டி பிடித்தவன் பெயர் யாருக்குத் தெரியும் என்பார். கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பெருமையாக இருக்கும். ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

அப்பேர்ப்பட்டவரும் ஒரு தப்பு செய்திருந்தார். ஊர் வாயில் மூதேவியாகிவிட்ட மூத்ததேவியின் சிலை ஒன்றுக்கு நேராகப் பதிவேட்டில் 'கண்டெடுத்தவர்: காத்தமுத்து' என்று மட்டும் இருந்தது. காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த ஒரு காத்தமுத்து மியூசியத்துக்கு ஏற்கெனவே நாலைந்து பொருள் கொடுத்தவர். இவரும் அவரும் ஒரே ஆள் என்று பெனடிக்ட் உறவு போட்டுவிட்டார். உண்மையில் சிலையை எடுத்தவர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிய வேறொரு காத்தமுத்து. இருசம்மாளின் அப்பா.

நாளைக்கு இணையதளத் திறப்பு விழா. மண்டிக்காரர் குடும்பத்துக்குச் சால்வை போடப்போகிறார்கள். இன்று பன்னிரண்டு மணிக்கு விவரமெல்லாம் இணையத்துக்குப் போய்விடும். மற்ற மியூசியங்களும் அதையே எடுத்துக்கொள்ளும். ஆதாரத்தோடு திருத்திவிடலாம் என்றுதான் பெனடிக்ட் இருசம்மாளை வரச் சொல்லியிருந்தார்.

இருசம்மாள் பையிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்து நீட்டினார். கடப்பாரையோடு ஒருவர், காலடியில் மண் போகாத சிலை.

"நெல்லு காயப்போட மில்லுல களம் தோண்டையில எங்கப்பா கடப்பாரையிலதான் தட்டுச்சு. மூதேவிய வெளிய எடுத்தவன்னு ஊரே ஏசுச்சு. உடைச்சுப் போடச் சொன்னாங்க. மாட்டேன்னு வண்டியில வச்சு ஆத்தைத் தாண்டிக் கொண்டாந்து குடுத்தாருங்க. ஏச்சு எங்கப்பாவுக்கு, பேரு இன்னொருத்தருக்கா?"

பேட்ரிசியா எழுந்தாள். பெனடிக்ட்டோடு ஆறு வருஷமும் வேலை பார்த்த கலீம் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அழுது வீங்கிய கண்ணோடு உள்ளறையில் லேப்டாப்பைத் திறந்தவன், பாதியில் நிறுத்தினான்.

"மாத்திடலாம் டீச்சர். ஆனா பழசு அழியாது. தப்பான உறவைப் போட்டது யாரு, என்னைக்குன்னு கீழேயே நிக்கும். சார் வச்ச சட்டம். நாளைக்கு எல்லாரும் பாப்பாங்க." குரலைத் தாழ்த்தினான். "போட்டவர் இடத்துல என் பேரைப் போட்டுக்கறேனே? சார் போன அன்னைக்கா இது?"

சரி என்று சொல்லத்தான் அவளுக்கு வாய் வந்தது. ஆறு வருஷ உழைப்பை எவன் பார்ப்பான்? அந்த ஒரு வரியைத்தான் விரல் நீட்டிப் படிப்பார்கள். அதுவும் இன்றைக்கு. பாவி மனுஷர், தனக்கென்று ஒரு சலுகைகூட வைத்துக்கொள்ளாமல் போயிருக்கிறாரே என்று ஆத்திரமாக வந்தது.

தப்பு தெரிந்த அன்று அவர் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். பேசாம மாத்திட்டுப் போங்களேன், யாருக்குத் தெரியப்போகுது என்று அவளேதான் சொன்னாள். "நான் எங்க ஏமாந்தேன்னு எழுதி வைக்கணும் பேட்ரி. இல்லேன்னா அடுத்து வர்றவனும் அதே குழியில விழுவான்" என்றார். சொல்லிவிட்டுத்தான் தட்டை இழுத்து வைத்துச் சாப்பிட்டார்.

"வேணாம் கலீம். அவர் பேரே நிக்கட்டும்."

"டீச்சர்..."

"போடுப்பா. மணி ஆவுது."

கலீம் போட்டோவைப் படமெடுத்து ஏற்றினான். பிறகு இருசம்மாளுக்காகச் சத்தமாகப் படித்தான்: கண்டெடுத்தவர் காத்தமுத்து, மில் தொழிலாளி, மண்ணச்சநல்லூர். மகள் இருசம்மாள். முந்தைய தவறான இணைப்பைச் செய்தவர் பெனடிக்ட்.

"சார் பேரு ஏன் தம்பி தப்புல வருது? பாவம், வேணாமே" என்றார் இருசம்மாள்.

"அவரே சொன்னதுதாம்மா" என்றாள் பேட்ரிசியா.

சரிபார்க்க கலீம் அந்தப் பெயரைத் தொட்டான். பெனடிக்ட்டின் பக்கம் திறந்தது. பிறப்பு, ஊர், வேலை, மனைவி. அதற்குக் கீழே 'இறப்பு' என்று ஒரு வெற்றுக் கட்டம். கலீம் சட்டென்று மூடப்போனான்.

"இரு. அதையும் போட்டுடு. காலைல அஞ்சு இருபது."

அவன் விரல் இரண்டு தடவை தப்பாக விழுந்தது. ஒருவழியாக அடித்து முடித்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னப்பா?"

"யார் சொன்னதுன்னு கேக்குது, டீச்சர்."

பேட்ரிசியா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பேட்ரிசியா, மனைவி" என்றாள். "பக்கத்துலதான் இருந்தேன்னு போடு."

கலீம் அடித்தான். 'ஏற்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் வந்தது.