நான்காவது கடி

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் தங்கையின் முன்கையில் இருந்த பல்தடங்களில் பிறந்தது. எண்ணிப் பார்த்தேன், ஏழு. அவள் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு டீச்சர்.

'சின்னஞ்சிறாரின் சமூக, உணர்வுசார் வளர்ச்சிக்கான முழுமைப் பார்வை' என்று அவள் பள்ளி ஒரு கையேடு போட்டிருக்கிறது. அதைக் கிழித்துத் தோரணம் கட்டத்தான் பேனாவை எடுத்தேன். முதல் வரி இப்படி வந்தது:

இளங்காலைப் பொன்னொளி வகுப்பறையைத் தழுவிக்கொண்டிருந்த

(நிறுத்திவிட்டேன். அந்த அறையின் ஒரே ஜன்னல் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்க்கிறது. பொன்னொளி வேண்டுமென்றால் முதலில் சுவரை இடிக்க வேண்டும்.)

2

கதாநாயகிக்கு வகுப்பில் பட்டப்பெயர் மிளகாய். பொம்மை வண்டியைப் பிடுங்கினால் கடிப்பாள். வரிசையில் இடித்தால் கடிப்பாள். இதுவரை மூன்று பிள்ளைகள். நான்காவது பிள்ளையைக் கடித்தால் பெயரை நீக்கிவிடுவதாக நிர்வாகி சொல்லிவிட்டார்.

அவளுக்கு ஒரு சோகப் பின்னணி எழுதினேன். குடிகார அப்பா, இருட்டு வீடு, ஒழுகும் கூரை. வாசித்த தங்கை காகிதத்தை என் மேலேயே விட்டெறிந்தாள்.

"அண்ணா, அவங்கப்பா பஸ் ஓட்டறார். தங்கமான மனுஷன். அவளுக்கு வார்த்தை வர்றதுக்கு முன்னாடி பல்லு வந்து நிக்குது. அவ்வளவுதான் விஷயம்."

"ஸாரி சொல்ல வைக்க வேண்டியதுதானே?"

"வச்சாங்களே! இப்ப முதல்லயே ஸாரி சொல்லிட்டுக் கடிக்கறா."

ஆகவே தங்கை வேறு வழி பிடித்தாள். மிளகாயின் வாய் திறக்கும்போதெல்லாம் தரையில் உட்கார்ந்து, தன் கையைக் குறுக்கே நீட்டி, காதருகில் சொல்வாள்: "உனக்குக் கோவம். வண்டி வேணும். அதைச் சொல்லு."*

* கையேட்டில் இதற்கு 'முன்தலையீட்டு உணர்வு மொழியாக்கம்' என்று பெயர். தங்கை வைத்த பெயர், "பக்கத்துல உக்காந்துக்கறது."

இங்கேதான் என் கிண்டலுக்கு முதல் அடி விழுந்தது. நிர்வாகியின் பதிவேட்டில் பிள்ளையைப் பிள்ளை கடித்தால்தான் கணக்கு. டீச்சரைக் கடித்தால் எழுத அதில் இடமே இல்லை. ஏழு தடங்களும் அப்படிப் பதிவேட்டுக்குப் போகாமல் அவள் கையிலேயே தங்கியவை.

3

வெள்ளிக்கிழமை நிர்வாகி நேரில் பார்க்க வந்தார். பிள்ளைகளின் நாற்காலியில் அமர்ந்தார். முழங்கால்கள் காது வரை வந்தன. (இது என் இட்டுக்கட்டு இல்லை. அவர் உயரம் அப்படி.)

உருண்டை என்று அழைக்கப்படும் பையன் மிளகாயின் கையிலிருந்த மஞ்சள் லாரியைப் பிடுங்கினான். வாய் திறந்தது. தங்கை எட்டும் தூரத்தில்தான் இருந்தாள். கை தானாக நீண்டது.

பிறகு அதை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

(இந்த வரியை நான்கு முறை அடித்தேன். ஏன் இழுத்தாள்? "எத்தனை நாளைக்கு நானே நடுவுல நிக்கறது அண்ணா?")

பற்கள் உருண்டையின் தோளுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் நின்றன. நின்ற வாயிலிருந்து ஜன்னல் அதிரும் ஒரு சத்தம் கிளம்பியது.

"எனக்குக் கோவம்! கடிக்கப் போறேன்! கடிக்க மாட்டேன்! குடுடா!"

உருண்டை மிரண்டான். ஆனாலும் விடவில்லை. "மூணு சுத்து ஓட்டிட்டுத் தரேன்."

"ஒண்ணு!"

"ரெண்டு."

"...சரி. நான் எண்ணுவேன்."

எண்ணினாள். ஒன்றுக்கு அப்புறம் நேராக ஐந்துக்குப் போய்விட்டாள். உருண்டை தகராறு செய்யவில்லை.

நிர்வாகி காதிலிருந்து விரலை எடுத்தார். "என்ன டீச்சர், இவ்வளவு சத்தம்?"

"சத்தமா சார்?" தங்கை தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தாள். நிறைந்த கண்ணைத் துடைக்கவும் இல்லை. "முழுசா நாலு வாக்கியம் சார்! நாலு!"

4

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அ) நிர்வாகி மனம் உருகிக் கண்ணீர் (வேண்டாம். அவருக்கு அந்த வசதி செய்து தரப்படவில்லை.)

ஆ) இருபது ஆண்டுகள் கழித்து, புகழ்பெற்ற மனநல மருத்துவரான மிளகாய் (சீச்சீ.)

இ) நடந்தது. கடி விழவில்லை, பெயரும் நீங்கவில்லை. நிர்வாகி மட்டும், எழுந்தபோது கூடவே எழுந்த நாற்காலியைக் கழற்றிவிட்டு, விடாமல் ஒரு படிவத்தை நீட்டினார். 'இக்குழந்தை இனியும் கடிக்க வாய்ப்புண்டா? ஆம் / இல்லை.' தங்கை இரண்டையும் அடித்துவிட்டு, ஓரத்தில் எழுதினாள்: "அவளையே கேளுங்கள். சொல்வாள்."

கையேட்டைக் கிழிக்க வந்தவன், பதினாறு பக்கத்திலும் இல்லாத அந்த மூன்று சொற்களுக்கு முன்னால் பேனாவை மூடிவிட்டேன்.

திங்கட்கிழமை என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அதானே? இந்தக் கதையில் அதைச் சொல்லும் தகுதி ஒருத்திக்குத்தான் உண்டு. போய்க் கேளுங்கள். தரையில் உட்கார்ந்து கேளுங்கள்.