காசில் ஒட்டிய மண்

"நல்லா கழுவிடும்மா. எந்த ஊர்ல அடிச்சதுன்னு தெரியணும்" என்று சொல்லி அந்தக் கட்டியை மேசைமேல் வைத்தார் அதிகாரி.

பச்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிப்போன ரோமானியச் செப்புக் காசுகள். அவள் அருங்காட்சியகத்தின் தற்காலிக உதவியாளர். வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். கட்டியைக் கொண்டுவந்து கொடுத்தவன் அவளுடைய அண்ணன், பொக்லைன் ஓட்டுகிறவன். ஆற்றுமணலில் கிடைத்ததாக அதிகாரியிடம் சொல்லியிருந்தான். தங்கை இங்கேதான் வேலை செய்கிறாள் என்று மூச்சு விடவில்லை.

மேலிருந்த ஒரு காசை மட்டும் மூங்கில் குச்சியால் பெயர்த்துத் துடைத்தாள். பின்பக்கம், உருவத்தின் காலடியில், மூன்று எழுத்துகள் தெரிந்தன. ALE, அலெக்சாண்ட்ரியாவின் சுருக்கம். அச்சடித்த ஊர் தன் பெயரைக் காசிலேயே குத்தி அனுப்பிவிட்டது. வந்து சேர்ந்த ஊரைச் சொல்லத்தான் நாதியில்லை. யாராவது வாய் திறந்தால் உண்டு.

காசு இருந்த பள்ளத்தில் கறுப்புக் களிமண் அப்பியிருந்தது. மணல் ஒரு பொட்டுகூட இல்லை. அந்த மண்ணை அவளுக்குத் தெரியும். அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் தோண்டும் இடத்திலிருந்து தினமும் அண்ணன் செருப்பில் வீட்டுக்கு வருவது. கூட்டி அள்ளுகிறவள் அவள்தானே.

வெளியே வந்து போன் போட்டாள்.

"எங்க எடுத்தே?"

"ஆத்துலதான்."

"ஆத்துல எப்போலேர்ந்து களிமண் வெளையுது?"

அவன் வண்டியை அணைத்தான்; உறுமல் நின்றது.

"இங்கேன்னு எழுதினா வேலைய நிறுத்திடுவாங்க. முதலாளி முதல்ல என்னைத்தான் தூக்குவான். உன்னைப் படிக்க வெச்சதுக்கு இதானா மரியாதை?"

"பொய் எழுதவா படிக்க வெச்சே? அப்புறம் எதுக்குக் கொண்டுவந்து குடுத்தே, அங்கேயே மூட வேண்டியதுதானே."

"நீ பாத்தா சந்தோஷப்படுவேன்னு நெனச்சேன்."

அதற்கும் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"கழுவிட்டா தெரியாதுல்ல?" என்றான்.

"தெரியாது. நான் கழுவப் போறதில்ல."

"வேலை போனா உன் சம்பளத்துலதான் உக்காந்து சாப்பிடுவேன்."

"சாப்பிடு."

உள்ளே அதிகாரி தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார். அவள் குழாயை மூடினாள்.

"இந்த மண்ணைத் தனியா எடுத்து வைக்கணும் சார். இது ஆத்துல கெடைக்கல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"குடுத்துட்டுப் போனது எங்க அண்ணன்."