ரூபி சாப்பிடாத இறால் குழம்பு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு தூக்குவாளியில் வந்தது. வடகம் தாளித்த இறால் குழம்பு, மேல் மூடியில் சோறு. கொண்டுவந்தவர் கீழ்வீட்டு பிரிஸ்கில்லா. அவர் என் வீட்டுக்காரம்மா, நான் மாடியில் வாடகைக்கு இருந்து கதை எழுதுகிறவள்.

"ஹேமா, இத நீயாச்சும் சாப்டு. அவ தட்டத் தொட மாட்டேங்கறா."

அவ என்பது மகள் ரூபி. காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படிக்கிறாள். அந்த நாட்களில் ரூபி வேண்டாம் என்று தள்ளியதெல்லாம் மாடியேறி வந்தது. இறால்*, கோழி, ஒருநாள் பிரியாணி. நான் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அவள் இளைக்க இளைக்க நான் ஊதினேன். கதாபாத்திரம் பட்டினி, ஆசிரியர் ஏப்பம். எழுத்துத் தொழிலில் இதைவிடச் சொகுசு கிடையாது.

(*மீன்பிடித் தடைக்காலத்தில் இறால் ஏது என்று புதுச்சேரிக்காரர் யாராவது கேட்பீர்கள். கனகசெட்டிக்குளத்திலிருந்து மீன்காரப் பூவாயி கூடையில் கொண்டுவருவார். சின்னப் படகுக்குத் தடை இல்லை. போதுமா?)

2

இனி கதையைத் தொடங்க வேண்டும். முதல் வரி.

[எழுதி அடித்தது: கொடிபோல் அசைந்து மாடிப்படியில் வந்தாள் ரூ—]

பார்த்தீர்களா? பேனாவைத் திறந்ததும் கொடி வந்து நிற்கிறது. யார் கூப்பிட்டார்கள் அதை? தமிழில் ஒரு பெண்ணை எழுத உட்கார்ந்தாலே இந்தத் தொல்லைதான். இடுப்பு இருக்கிறதா, இல்லையா, நூலா, மின்னலா என்று சந்தேகப்பட்டே எத்தனையோ நூற்றாண்டை ஓட்டியிருக்கிறோம். ஒரு பெண்ணின் நடுப்பகுதியைக் காணாமல் அடிப்பதில் பாரிஸ் ஃபேஷன்காரன் நமக்கு நேற்றுப் பிறந்த பிள்ளை.

[அடித்தது: ரூபி கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள்.]

பூசினாற்போல் என்றால் என்ன? குண்டு என்பதை விருந்தாளி முன்னால் சொல்வது. வேண்டாம்.

[அடித்தது: ரூபி ஒல்லியும் இல்லை, குண்டும் இல்லை, மாநிறம்—]

இது மணமகள் தேவை விளம்பரம். எனக்கே சிரிப்பு வருகிறது.

சரி, ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறேன். இந்தக் கதை முடியும்வரை ரூபியின் உடம்பைப் பற்றி ஒரு வரியும் நான் எழுதமாட்டேன். அவளுக்குக் குரல் உண்டு, கோபம் உண்டு, இடது கையில் ஒரு பழைய கடிகாரம் உண்டு. மற்றதை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

3

ரூபியின் அப்பா தனிஸ்லாஸுக்கு ஓர் அக்கா, பெயர் வேளாங்கண்ணி. பாரிஸ் பக்கம் ஓர் ஊரில் இருக்கிறார். அங்கே அவர் மதாம் வேலா. அவர் மகள் எலோதிக்கு ஜூன் மாதம் இங்கே, புதுச்சேரியில் கல்யாணம். தோழிகளாக நிற்க ரூபியையும் சேர்த்து ஐந்து பெண்கள், எல்லாம் சொந்தத்தில். ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி கவுன், அங்கிருந்தே வாங்கி வருவதாக ஏற்பாடு. பிப்ரவரியில் அத்தையின் குரல் வாட்ஸ்அப்பில் வந்தது.

"அவங்கவங்க சைஸ தனித்தனியா அனுப்புங்கடி. குரூப்ல போட வேணாம், வெக்கப்படுவீங்க. எங்க எலோதி முப்பத்தாறு. அலோர்*, நெசத்த சொல்லுங்க."

(*பிரெஞ்சில் 'அப்படியென்றால்' என்று பொருள். அத்தை அதைத் தும்மலுக்குக்கூடப் பயன்படுத்துவார்.)

ரூபி உடனே பதில் அனுப்பினாள். "எனக்கும் முப்பத்தாறுதான் அத்த."

அது உண்மை இல்லை. பிரெஞ்சுக் கணக்கில் முப்பத்தாறு என்பது சின்ன அளவு. அனுப்பிய பிறகு அழித்திருக்கலாம். அதற்குள் அத்தை இதயப் படம் போட்டுவிட்டார்.

அடுத்த வாரமே சாம்பல் புதன். ஈஸ்டர் வரை நாற்பது நாள் தவக்காலம் ஆரம்பம். ரூபி காலைச் சாப்பாட்டை விட்டாள், பிறகு ராத்திரிச் சாப்பாட்டை. பிரிஸ்கில்லாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கோயிலில் பார்ப்பவரிடமெல்லாம் சொன்னார்: "எம்பொண்ணு தவக்காலம் பூரா ஒருசந்தி இருக்கா! இந்தக் காலத்துல எந்தப் புள்ள இருக்குது?" பங்குச் சாமியார்கூட ரூபியின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். அவள் மறுக்கவில்லை. பாவம், எப்படி மறுப்பாள்?

ஈஸ்டர் வந்தது. பிரிஸ்கில்லா மட்டன் பிரியாணி செய்தார். ஆண்டவர் உயிர்த்துவிட்டார், மகள் இன்னும் தட்டைத் தள்ளுகிறாள். அந்தப் பிரியாணிதான் மாடிக்கு வந்த பிரியாணி. விஷயம் பக்தி இல்லை என்று பிரிஸ்கில்லாவுக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

4

[இங்கே ஒரு சின்னக் கட்டுரை. அவசரக்காரர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.]

அந்தக் கவுனின் படத்தை ரூபி காட்டினாள். வழவழவென்று, உடம்போடு ஒட்டி, நூல்போல் இரண்டு தோள்பட்டி. நம் ஊரில் ஒருத்தி அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தால், சேலை கட்ட மறந்து உள்பாவாடையோடு வந்துவிட்டாள் என்று ஓடிப்போய்த் துண்டு போர்த்துவார்கள். "இதுதான் இப்ப ஃபேஷன் ஆன்ட்டி" என்றாள்.

இப்போதா? இதை நான் கல்லூரி படிக்கும்போதே பத்திரிகையில் பார்த்திருக்கிறேன். கூடவே இடுப்பெலும்பில் தொங்கும் ஜீன்ஸும் வந்தது. அப்போது என் வகுப்பில் பாதிப் பேர் வெள்ளரிக்காய் தின்றே பரீட்சை எழுதினோம். பிறகு அந்த ஜீன்ஸ் போய்விட்டது. நடுவில் சில வருடம் நல்ல காலம். எல்லா உடம்பும் அழகு என்று கடையில் போஸ்டர் ஒட்டினார்கள், கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைக்குக்கூடக் கொஞ்சம் வயிறு வைத்தார்கள். போன மாதம் நேரு வீதிக் கடைகளில் பார்த்தேன், போஸ்டரைக் காணோம். பொம்மையின் வயிற்றையும் காணோம்.

பழைய துணி திரும்பி வரட்டும், எனக்கு ஒன்றுமில்லை. பெல்பாட்டம் வந்தது, போனது, யாரும் சாகவில்லை. ஆனால் இந்த ஒரு வகைத் துணி மட்டும் தனியாக வருவதில்லை. தனக்குத் தேவையான உடம்பையும் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறது, கல்யாண வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் கூடவே நாலு பேரைக் கூட்டி வருவதுபோல. அப்போது வெள்ளரிக்காய், இப்போது சியா விதை. பசி என்னவோ அதே பசிதான். எரிச்சலாக வருகிறது எனக்கு.

கட்டுரை முடிந்தது.

5

மே மாதம் ஒரு மத்தியானம் பூவாயி கூடையோடு வந்து வாசலில் உட்கார்ந்தார். நான் படியில் நின்று கேட்டேன்.

"ஒம் பொண்ணு பஸ்ல தல சுத்தி எங் கூடை மேலயே ஒக்காந்துட்டா பிரிஸ்கில்லாம்மா. எறா பாதி நசுங்கிப்போச்சு, அது கெடக்கட்டும். தூக்கி சீட்ல ஒக்கார வெச்சேன். கூடை கனத்துக்குக்கூட இல்ல அது."

(இது பூவாயி சொன்னது. ஒப்பந்தம் என்னை மட்டுந்தான் கட்டும்.)

பிரிஸ்கில்லா காசை எண்ணிக் கொடுத்தார். நசுங்கிய இறாலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சமையலறையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வெங்காயம் உரித்ததாகப் பிறகு சொன்னார். நம்பினேன் என்று சொல்லிவைத்தேன்.

அன்று சாயந்தரம் ரூபியைப் படியில் நிறுத்தினேன்.

"அத்தைக்கு ஒரு போன் போட்டு சைஸ் தப்பா சொல்லிட்டேன்னு சொல்லேன்."

"வெக்கமா இருக்கு ஆன்ட்டி."

"பட்டினி கெடக்க வெக்கமா இல்லியா?"

"அத யாரும் பாக்கறதில்லல்ல."

இங்கே ஆசிரியர் ஒரு பிரமாதமான பதில் சொல்லியிருக்க வேண்டும். மூன்று பதில் எழுதி மூன்றையும் அடித்தேன். உண்மையில் நான் சொன்னது, "பாத்துப் போ, படி வழுக்கும்."

சரி, இதுவரை ஒரு ரூபியைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறீர்கள். நான் வரைந்து கொடுக்கவில்லை, நீங்களாக ஒருத்தியைப் பார்த்தீர்கள். அவளுக்கு என்ன சைஸ் போட்டீர்கள்? வேண்டாம், சொல்லாதீர்கள். கேட்டால் நீங்களும் ஒன்று குறைத்துத்தான் சொல்வீர்கள்.

6

அத்தை வந்து இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரிஸ்கில்லா வீட்டுக் கூடத்தில் பெட்டி திறந்தார்கள். ஐந்து பெண்களும் வந்திருந்தார்கள். தனிஸ்லாஸை ஐஸ் வாங்கிவரச் சொல்லி வெளியே துரத்தினார்கள். ஊக்கு பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னை உள்ளறைக்கு இழுத்துக்கொண்டார்கள்.

முதல் பெண்ணுக்கு ஜிப் பாதியில் நின்றது.

"மூச்ச இழுடி."

"இழுத்துட்டேன் அத்த. இதுக்கு மேல இழுத்தா உசுருதான்."

இரண்டாமவளுக்கு ஜிப்பின் நாக்கு என் கையோடு வந்துவிட்டது. மூன்றாமவள் தலை வழியாக மாட்டி, பாதி வழியில் சிக்கி, உள்ளேயிருந்து "ஏசுவே" என்றாள். நான்காமவள் முயற்சி செய்யாமலே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

அத்தை இடுப்பில் கைவைத்தார். "எந்த சைஸுடி சொன்னீங்க எங்கிட்ட?"

கையிலிருந்த ஜிப் நாக்கை நான் கட்டிலில் வைத்தேன். பிறகு முதல் பெண் மெல்லச் சொன்னாள்: "தவக்காலம் வருதே, ஒருசந்தி இருந்தா எறங்கிடும்னு நெனச்சேன்."

"அய்ய, நானும்!"

"நானுந்தான்டி!"

அந்த வருடம் அந்தக் குடும்பத்தில் அப்படி ஒரு பக்தி. கவுனுக்குள் சிக்கியிருந்தவளும் உள்ளேயிருந்து கை தூக்கினாள். சிரிப்பு வெடித்தது. அத்தையே கட்டிலில் சரிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அலோர், நானும் எனக்கு ஒன்னு வாங்கினேன்டி. ஏறல. அங்கயே போட்டுட்டு வந்துட்டேன்" என்றார். துணியைப் புரட்டிப் பார்த்தார். "தையல்ல ஒரு வெரல் துணிகூட விடல பாரு, கஞ்சப்பய. டெய்லர் வடிவேல்கிட்ட குடுத்து ரெண்டு பக்கமும் பட்டுத்துணி ஒட்டு வெச்சுத் தெச்சுக்கலாம்."

அப்போதுதான் எல்லோரும் ரூபியைப் பார்த்தார்கள். அவளுக்கு ஜிப் ஏறியிருந்தது. மேல் நுனி வரைக்கும், ஒரே இழுப்பில்.

"பாருங்கடி எம் மருமவள!" அத்தை கைதட்டினார். பெண்களும் தட்டினார்கள். பொய்யாக இல்லை, மனசாரத்தான்.

வாசலில் கரண்டியோடு நின்ற பிரிஸ்கில்லா தட்டவில்லை. அவர் என்ன பார்த்தார் என்று எழுதக் கூடாது, ஒப்பந்தம் இருக்கிறது. "சோறு ஆறுது, வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான்கு பேரும் நைட்டியை மாட்டிக்கொண்டு சாப்பிட ஓடினார்கள். அத்தையும் போனார். அறையில் நிலைக்கண்ணாடி, ரூபி, நான்.

7

முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

(அ) ரூபி அதே கவுனில் பீடத்தருகே நிற்கிறாள். எல்லோரும் புகழ்கிறார்கள். அடுத்த கல்யாணத்துக்கு முப்பத்துநாலு என்று— அடித்தேன். இந்த முடிவுக்கு முடிவே வராது.

(ஆ) பூசை நடுவில் மயங்கி விழுகிறாள். எல்லோருக்கும் புத்தி வருகிறது. அடித்தேன். நமக்குப் புத்தி வர அவள் எதற்கு விழ வேண்டும்?

(இ) அத்தை அவளை மடியில் சாய்த்து நல்லபடியாக நாலு வார்த்தை— ஐயோ, வேண்டாம்.

ஆகவே அறைக்கே திரும்புகிறேன். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "எப்டி இருக்கேன் ஆன்ட்டி?"

எந்தக் கொடியும் இந்த முறை வரவில்லை. "கையக் குடு" என்றேன். கொடுத்தாள்.

"சில்லுன்னு இருக்கே ரூபி."

"ஏசி போட்டிருக்குல்ல."

"ஏசி கெட்டுப் பத்து நாளாச்சு. எனக்கு வேர்த்துக் கொட்டுது பாரு."

சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. வெளியே தட்டுச் சத்தம், ஒருத்தி இன்னொருத்தியிடம் "ஏய், அது எங்கிட்ட இருந்த எறா" என்று சண்டை போட்டாள்.

"இதப் போட்டுக்கிட்டு ஒக்கார முடியல ஆன்ட்டி" என்றாள் மெதுவாக.

"எறா கொழம்பு. வாசன வருதா?"

"ரெண்டு மாசமா வருது. மாடிக்குப் போவும்போது தெனமும் எங் கதவத் தாண்டித்தான போவும்."

தினமும் வழித்துத் தின்றவள் நான்தானே. இனிமேல் தூக்குவாளி மாடிக்கு வராமல் போகலாம். போகட்டும், நான் ரசம் வைத்துக்கொள்கிறேன்.

அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

ஜிப் பின்னால், முதுகின் நடுவே இருக்கிறது. அவள் கைக்கு எட்டாது, முயன்று பார்த்துவிட்டாள். என் ஒரு கையை அவள் இன்னும் விடவில்லை. இன்னொரு கையில் பேனா, இந்த வரியை எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த அறையில் காலியாக இருப்பது உங்கள் கை ஒன்றுதான். இறக்கிவிடுவீர்களோ, "நல்லாத்தான இருக்கு, அப்டியே இரு" என்பீர்களோ, உங்கள் இஷ்டம். நான் தலையிட மாட்டேன்.

ஆனால் கொஞ்சம் சீக்கிரம். வெளியே நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், இறால் தீரப் போகிறது.